டத்தினுக்கு மீன் பொரிப்பது யார்?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஸ்கூடாயில் பள்ளி வேன் ஓட்டுகிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் எந்த லாரிக்காரன் வழி விடுவான்? காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, நடுவில் கிடைக்கிற நேரத்தில் எங்கள் தாமான் குடியிருப்பின் தெருப்பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடிக்கிறேன். பெண்ணாக இருந்தால் கருத்தடை, ஆணாக இருந்தால் காயடிப்பு. ஆப்பரேஷன் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவேன். என் வேன் பிள்ளைகள் இதற்குக் 'குடும்பக் கட்டுப்பாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேனில் பூனை வாடை அடித்தால் போதும், "கஸ்தூரி ஆன்ட்டி, இந்த வாரம் யாருக்குக் குடும்பக் கட்டுப்பாடு?" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

எனக்கு இதில் பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. எங்கள் வரிசைக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு புல்தரையும்தான். கண் திறந்து நடக்கத் தெரிந்ததும் குட்டிகள் அந்தப் பக்கம்தான் போகும். அங்கே போகிற மோட்டார் சைக்கிள்கள் மனுஷனுக்கே நிற்காது. விடியற்காலையில் வேனை எடுக்கும்போது ரோட்டில் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துபோயிற்று. பிறக்காமலே இருந்தால் சாக வேண்டியதில்லையே, அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் வந்து விழுந்தார் வீரமுத்து அண்ணன்.

அவர் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார், ஒரே மகள் பிரவீனா சிங்கப்பூரில். பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை பஜனை என்றால் முதல் குரல் அவருடையதுதான். புரட்டாசி பிறப்பதற்கு முந்தின வாரம் பேட்மிண்டன் கோர்ட்டில் சங்கக் கூட்டம். எழுந்து நின்று ஆரம்பித்தார்.

"காருக்கு மேல ஏறி மிதிக்குது. வாசல்ல விட்ட செருப்புல பேஞ்சிட்டுப் போவுது. கடுவன் பூனைங்க போடுற சத்தத்துல மனுசன் தூங்க முடியல. முனிசிபல் மஜ்லிஸ்காரங்களக் கூப்பிட்டு மொத்தமா அள்ளிட்டுப் போகச் சொல்லப் போறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தலைவரே, நீங்க இதுங்கள அள்ளினா அடுத்த வாரமே பக்கத்துத் தாமான் பூனைங்க வந்து குடியேறிடும். ஆப்பரேஷன் பண்ணி விட்டா சத்தமும் இருக்காது, குட்டியும் போடாது, புதுசையும் உள்ள விடாது."

"நீயும் ரொம்ப நாளா இதையேதான் சொல்ற. குட்டி நின்னபாடு இல்லையே லா."

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. டைம் குடுங்க."

எல்லோரும் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி. புரட்டாசி மூணாம் சனி வரைக்கும் டைம். அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக் காட்டு. ஒண்ணு பாக்கி இருந்தாலும் திங்கக்கிழமை மஜ்லிஸ் லாரி வரும். ஆப்பரேஷன் பண்ணது, பண்ணாதது எல்லாம் ஒண்ணாத்தான் போகும்."

அந்த 'ஒண்ணு' யார் என்று எனக்கு அப்போதே தெரியும். டத்தின்.

டத்தோ பட்டம் வாங்கியவர்களின் மனைவிமார், டத்தின்கள், கல்யாண மண்டபத்துக்குள் நுழைவார்களே, அந்த நடை அவளுக்கு. கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த உடம்பு. மதில்மேல் நடந்து வரும்போது நாம்தான் ஒதுங்க வேண்டும். யாரையும் தொட விடமாட்டாள். எங்கள் லோரோங்குச் சந்தில் பிறக்கிற குட்டிகளில் பாதிக்கு மேல் அவளுடையவைதான். மற்ற பூனைகளை எல்லாம் அந்தக் கெடுவுக்குள் ஒவ்வொன்றாகப் பிடித்து முடித்துவிட்டேன். இவள் மட்டும் கழுவுற மீனில் நழுவுற மீன்.

ஆனால் புரட்டாசி எனக்குச் சாதகம் என்று நினைத்தேன். கூண்டு வேலையில் ஒரே ஒரு சூத்திரம்தான்: பூனைக்குப் பசிக்க வேண்டும். மற்ற மாதங்களில் வீட்டுக்கு வீடு மீன் தலையைப் பின்பக்கம் வீசுவார்கள். வயிறு நிறைந்த பூனை எதற்குக் கூண்டுக்குள் வரப்போகிறது? புரட்டாசியில் எங்கள் வரிசையே சைவம். முனை வீட்டு மலாய்க்காரத் தம்பதியும் அதற்கடுத்த சீனக் குடும்பமும் பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கே வருவார்கள். ஆக, டத்தின் பசியில் தானாக வருவாள் என்று கணக்குப் போட்டேன்.

ஒரே ஒரு இடைஞ்சல். நானும் விரதம், மீனைத் தொட முடியாது. அதற்கு எதிர்வீட்டுப் பேட்ரிசியா இருந்தாள். அவர்கள் கத்தோலிக்கர்கள், அவர்களுக்குப் புரட்டாசி இல்லை. நான் கூண்டைத் தூக்கி வருவேன். அவள் சார்டின் டின்னைத் திறந்து உள்ளே வைப்பாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

"இதுக்கு மட்டும் நான் வேணும்" என்று சிரிப்பாள்.

மூன்றாம் சனிக்கு முந்தின புதன்கிழமை, காலை நடை முடிந்ததும் பின் லோரோங்கில் கூண்டை வைத்தோம். டத்தின் வந்தாள். சார்டினை முகர்ந்தாள். கூண்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். பிறகு மீசையை நக்கிக்கொண்டே போய்விட்டாள். அந்த மீசை ஓரத்தில் மஞ்சள் கறை!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சள் தடவிப் பொரித்த மீன். மலாய்க்கார வீடும் சீனர் வீடும் அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கும். மீதி எல்லாம் விரத வீடு. அப்படியானால் மீன் பொரிக்கக்கூடிய வீடு எது? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்று மத்தியான நடை முடிந்து வேனை நிறுத்தியதும் நேராகப் பேட்ரிசியா வீட்டுக்குள் போனேன்.

"ஏன் பேட்ரிசியா, ஒரு கையால கூண்டுல சார்டின் வைக்கிற, இன்னொரு கையால பின்னாடி மீன் பொரிச்சுப் போடுறியா? சனிக்கிழமைக்குள்ள அவளப் பிடிக்கலன்னா அத்தனையும் லாரில போகும்னு உனக்குத் தெரியும்தானே?"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். பிரிட்ஜைத் திறந்து காட்டினாள். கத்திரிக்காய், சோயாவில் செய்த தௌஹு, தெம்பே, கீரை. பிரீசரையும் திறந்தாள். பட்டாணிப் பொட்டலம் மட்டும் கிடந்தது.

"புரட்டாசி பொறந்ததுலேர்ந்து எங்க வீட்டுல மீனும் இல்ல, கறியும் இல்ல. எங்க வீட்டுக்காரரு ரோலண்ட் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு ஆபீஸ் கேண்டீன்ல போய் சாப்பிட்டு வராரு. ஏன் தெரியுமா? சுத்தி எல்லாம் வெரத வீடு. நான் மீன் பொரிச்சா அந்த வாசம் போய் உங்க சாமி ரூம்லதான்க்கா நிக்கும். ஒவ்வொரு வருசமும் இப்படித்தான். நான் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்ல. நீங்க என்னா சொல்றீங்க?"

அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயமாக இருக்கட்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் எதிரெதிரே இருந்திருக்கிறோம், எனக்கு இது தெரியவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மன்னிச்சிரு லா. எனக்கு வாய்தான் முன்னாடி ஓடும்."

"அது ஊருக்கே தெரியும்" என்று முகத்தைத் துடைத்தாள். "நான் இல்லன்னா வேற யாரு? அதச் சொல்லுங்க. வெரத வீட்டுல எவரோ மீன் பொரிக்கிறாங்கக்கா!"

அதைச் சொன்னதும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அலமாக், இது பூனைப் பிரச்சினையை விட்டு எங்கோ போகிறதே!

வியாழக்கிழமை அவளைத் தவறவிட்டோம். வெள்ளிக்கிழமை வேன் வேலைக்கு ஓர் ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, முற்பகலிலேயே இருவரும் பின் லோரோங்கில் காத்திருந்தோம். பேட்ரிசியா வெயிலுக்குக் குடை பிடித்திருந்தாள். உளவு பார்க்கப் பூப்போட்ட சிவப்புக் குடையோடு வருகிறவளை என்ன சொல்வது? டத்தின் மதிலில் நடந்தாள், நாங்கள் கீழே நடந்தோம். என் வீட்டைத் தாண்டினாள். அடுத்திருந்த கிருஷ்ணம்மா வீட்டைத் தாண்டினாள். ஒரு வீட்டுப் பின்கட்டில், தெரிந்த இடம்போல, பொத்தென்று குதித்தாள்.

வீரமுத்து அண்ணன் வீடு.

கெம்போங் மீன் பொரியும் வாசம் கம்மென்று வந்தது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொன்னால் பாவம் வரும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? பஜனைக்கு முதல் குரல், பின்கட்டில் மீன் பொரியல்! கையும் களவுமாகப் பிடித்துத் தாமான் வாட்ஸப்பில் போட்டுவிடலாம் என்று போனை எடுத்து, கிரில் கம்பி வழியாகக் கேமராவை நீட்டினேன்.

நெற்றியில் நாமம். இடுப்பில் வேட்டி. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கொள்ளைக்காரன் மாதிரி இறுகக் கட்டியிருந்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை முழ நீளத்துக்கு நீட்டி, மீனைப் புரட்டினார். தட்டில் எடுத்து வைத்து விசிறியால் விசிறினார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் காலடியில் டத்தின் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"இருடி, சுடும். அப்புறம் நாக்கு வெந்துடுச்சுன்னு என்னத்தான் மொறைப்ப."

தட்டைத் தரையில் வைத்துவிட்டு, குழாயடியில் சோப்பு போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். ஒரு துணுக்கு மீன்கூட அவர் வாய்க்குப் போகவில்லை. நான் போனைப் பைக்குள் போட்டேன்.

பொரியல் புகை ஏறி, பேட்ரிசியா தும்மினாள். தும்மலா அது, வெடி. அவர் திரும்பினார். துண்டை அவசரமாகக் கீழே இழுத்தார்.

"நான் சாப்பிடல! பெருமாள் சத்தியமா நான் வாயில வைக்கல!"

"பாத்துட்டுத்தான் இருந்தோம் தலைவரே" என்றேன். "நீங்கதானே பூனைங்கள அள்ளணும்னு நின்னீங்க? இப்ப இவளுக்கு முள்ளு எடுத்து ஊட்டுறீங்க?"

"அந்தத் தடியனுங்களச் சொன்னேன். எப்பப் பாத்தாலும் இவளத் தொரத்துறானுங்க, இவ தட்டுல வாய வைக்கிறானுங்க. அவனுங்க போயிட்டா இவ நிம்மதியா இருப்பால்ல?"

"அப்ப இவள மட்டும் விட்டுட்டுப் போயிருவாங்களா? கூண்டு வைக்கிறவனுக்கு என்ன தெரியும்? இது தலைவர் வீட்டு டத்தின்னு கும்பிட்டுட்டுப் போவானா? லாரில மொத ஆளா இவதான் ஏறுவா."

அவர் முகம் செத்துப்போயிற்று. மெய்யாகவே இதை அவர் யோசித்திருக்கவில்லை. டத்தின் தட்டை நக்கி முடித்துவிட்டு அவர் கால்பக்கம் வந்து உட்கார்ந்தாள், தொடாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு.

"இவ்வளவு பாசம் இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருப்பேன்."

"அதுக்குத்தான் பயந்தேன்" என்றார். "அறுத்துத் தைக்கிறது பாவம் இல்லியா? தாயாவுறத நாம தடுக்கலாமா? போன தடவ நாலு குட்டி போட்டா. என்னா அழகு! இங்கதான் இந்த வாஷிங் மெசினுக்குப் பின்னால. கொஞ்சம் பெருசானதும் ஒவ்வொண்ணா நல்ல வீடு பாத்துப் போயிடுச்சுங்க."

பேட்ரிசியா என் கையைக் கிள்ளினாள், சொல்லாதே என்று. நான் எப்படிச் சொல்லாமல் இருப்பேன்?

"எங்கயும் போகலண்ணே. ரோட்டுக்குப் போச்சுங்க. நான்தான் பொறுக்கிட்டு வந்து எங்க வீட்டுப் பண்டான் செடிக்குக் கீழ பொதச்சேன். அதுக்கு முந்தின ஈடும் அப்படித்தான். வேன எடுக்கக் கதவத் தொறக்கறப்ப மொதல்ல ரோட்டத்தான் பாப்பேண்ணே, இன்னிக்கு எது கெடக்குதோன்னு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எல்லாமேவா?"

"ஒண்ணு மட்டும் பொழச்சிச்சு" என்றாள் பேட்ரிசியா மெதுவாக. "பொந்தியான்ல எங்கண்ணன் வீட்டுல இருக்கு. அவங்க அம்மா மாதிரியே திமிரு."

அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. டத்தினையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாள் முழுக்க இந்த வீட்டுல என்னப் பாத்து வாயத் தொறக்கறது இவ ஒருத்திதான் கஸ்தூரி" என்றார். பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "கூண்டு எங்க?"

நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். சட்டியில் இன்னொரு மீன் மிச்சம் இருந்தது. அதற்கும் முள்ளெடுத்தார். கூண்டின் உள்கோடியில் அவரே கையை விட்டு வைத்தார். "வாடி" என்றார். அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் சார்டினையும் கோழியையும் வைத்துக் கெஞ்சியும் வராதவள், அவர் வைத்ததால் ஒரு சந்தேகமும் இல்லாமல் நடந்து உள்ளே போனாள். கதவு டமாரென்று விழுந்தது.

அவள் போட்ட சத்தத்தில் பேட்ரிசியா குடையைக் கீழே போட்டுவிட்டாள். கூண்டு குதித்தது. வீரமுத்து அண்ணன் அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் வச்சேன்னுதான் நம்பி வந்தா. என்னையே பாக்குறா பாரு" என்று சொன்னவர், வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். ஜெயித்த மாதிரியே இல்லை.

கூண்டை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மேலே துணி போர்த்த வேண்டும், தண்ணீர் மட்டும் வைக்கலாம், மறுநாள் ஆப்பரேஷன் முடியும்வரை சாப்பாடு கூடாது. பொழுது சாயும் வரை போன் மேல் போன்.

"கஸ்தூரி, பசியில அழுவுறா. ஒரே ஒரு துண்டு?"

"குடுத்தீங்கன்னா நாளைக்கு ஆப்பரேஷன் கெடையாது. திங்கக்கிழமை லாரிதான்."

"சரி சரி, கோவப்படாத. நானும்தான் ஒண்ணும் சாப்பிடல" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வேனை அவர் வாசலில் நிறுத்தினேன். கூண்டுமேல் கோயிலுக்குப் போர்த்திக்கொள்ளும் ஜரிகைத் துண்டைப் போர்த்தியிருந்தார்.

"நான் கொண்டுபோயிர்றேண்ணே. மூணாம் சனி, நீங்க கோயிலுக்குப் போங்க. பஜனை ஆரம்பிக்கணும்ல."

அவர் முன் சீட்டில் ஏறி, கூண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் டாக்டர் ஆட்ரி கூண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வீரமுத்து அண்ணன் உட்காரவே இல்லை. உள் கதவுக்கும் வாசலுக்குமாக நடந்தார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மயக்க மருந்தில் ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சும்மா இருந்தவரிடம் குட்டிகளின் கதையைச் சொல்லி இழுத்து வந்தது நான்தானே.

கதவு திறந்தது. டாக்டர் ஆட்ரி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"நல்லபடியா முடிஞ்சிச்சு. வயித்துல மறுபடியும் குட்டி ஒண்ணும் இல்ல, சரியான நேரத்துல கொண்டு வந்தீங்க. இன்னும் மயக்கத்துல இருக்கா. தையல் ஆறுற வரைக்கும் வெளிய விடாம யார் வீட்டுலயாவது வச்சிருக்கணும். யாரு வீட்டுல?"

"எங்க வீட்டுல" என்றார் வீரமுத்து அண்ணன், நான் வாயைத் திறப்பதற்குள்.

மறுபடியும் போன். இந்தத் தடவை எடுத்தார். அவருக்குக் காது சற்று மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கோயில் செயலாளர் செல்வாவின் குரல் கிளினிக் முழுக்கக் கேட்டது. பின்னால் மணியும் கூட்டத்தின் இரைச்சலும்.

"தலைவரே, எங்க இருக்கீங்க? எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. நீங்க வந்தாதானே பஜனை!"

"நீங்க ஆரம்பிச்சிருங்க செல்வா. எங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்கு இன்னிக்கு ஆப்பரேஷன்."

"அலமாக்! பிரவீனாவுக்கா? என்னா ஆச்சு?"

"பிரவீனா இல்ல. இது சின்னவ."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"தலைவரே" என்றான் செல்வா தயங்கித் தயங்கி, "உங்களுக்கு... ஒரே பொண்ணுதானே?"

"பூனைய்யா! பூனை!" என்று அவர் போட்ட சத்தத்தில் காத்திருந்த நாய் ஒன்று குரைத்தது. "நான் வளக்குற பூனை. பேரு டத்தின். புரட்டாசியிலயும் அவளுக்கு நான்தான் மீன் பொரிச்சுப் போடுறேன், கேக்குறவங்ககிட்ட சொல்லிக்க. இன்னொண்ணு. திங்கக்கிழமை மஜ்லிஸ் லாரி வராது. நம்ம லோரோங் பூனைங்க நம்ம லோரோங்லதான் இருக்கும். மைக்க வச்சு எல்லாருக்கும் சொல்லிடு."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பாக்கலாமா டாக்டர்?" என்று கேட்டு, அவளைப் பார்க்க உள்ளே போனார்.